புல்லுக்குள் ஆள் எண்ணியவர்

அவர் எண்ணி முடிக்காமல் எங்கள் யார்டில் ஒரு இன்ஜினும் ஓடியதில்லை. மிஷின்களை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. சாவியில் கை வைப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிந்து அடியில் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, அங்கே நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வெல்டர், லாரி டிரைவர், டீ கொண்டுவந்த ஆள், மிஷின் பார்க்க வந்த விவசாயி, எல்லோரையும். தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். இதனால் அவருக்கு 'ஆஜர்' என்று பெயர் விழுந்தது. அவருடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில் தினமும் எழுதியவன் நான்தான். ஆனால் தன்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் எழுதவில்லை.

எண்ணி முடித்ததும் கேட் பக்கம் ஒரு முறை பார்ப்பார். "ஒண்ணு கொறையுது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாராவது லீவில் இருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது, ஒருவரும் லீவில் இல்லாத நாளிலும் ஒன்று குறையும்.

எங்கள் யார்டு திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் சாலையில் இருந்தது. வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓடி ஓய்ந்த மிஷின்கள் ஹார்பரில் இறங்கி, கன்டெய்னரில் எங்களிடம் வரும். வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர்தான் முதலாளி. உழுகிற மிஷினை விட புல் அறுக்கிற மிஷின்தான் அதிகம் வரும். மாடு, ஆடு, குதிரை வைத்திருப்பவர்கள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, இன்னும் தூரத்திலிருந்தெல்லாம் வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போனவன் நான் ஒருவன்தான். ஆங்கிலத்தில் இருக்கும் மிஷின் புத்தகத்தைப் படித்து, யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வது என் வேலை. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

புல் அறுக்கும் மிஷினில் எங்களிடம் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பல் வெட்டி. முடிவெட்டும் மிஷினைப் பெரிதாக்கிப் படுக்கப்போட்டது போல இருக்கும். மெதுவாகப் போகும், கடகடவென்று சத்தம் போடும். இன்னொன்று தட்டு வெட்டி. வட்டத் தட்டுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும், எவ்வளவு அடர்ந்த புல்லையும் சாய்த்துவிடும். இந்தத் தட்டு வெட்டிக்குப் பின்னாலேயே சிலவற்றில் இரண்டு ரப்பர் ரோலர் இருக்கும். அறுபட்ட புல் தரையில் விழும் முன்பே அந்த ரோலர்களுக்கு நடுவில் போய் நசுங்கி வெளியே வரும். தண்டு வெடித்துவிடுவதால் உள் ஈரம் சீக்கிரம் காயும். மூன்று நாள் காய வேண்டிய புல் இரண்டு நாளில் காயும்.

ரோலர் வைத்த மிஷின் எது வந்தாலும் அதை முதலில் தொடுவது அவர்தான். மடியில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார். அதை நனைத்து ரோலரின் பள்ளங்களைத் துடைப்பார். துணியை வெயிலில் விரித்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். பிறகு துவைத்து மடித்து வைத்துக்கொள்வார். என்ன தேடுகிறார் என்று வெல்டரிடம் கேட்டேன்.

"மாமு, அத்த மட்டும் கேக்காத. நான் ஒரு வாட்டி கேட்டுட்டு மூணு நாளு சோறு எறங்கல" என்றான்.

வாங்க வருகிறவர்களிடம் நான் எத்தனை ஏக்கர், டிராக்டர் எத்தனை ஹெச்.பி. என்று கேட்பேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"புல்லுக்குள்ள யாரு படுத்துகினு கீறாங்கோ?"

பொன்னேரிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார். "இன்னா பாய், மிசின் வாங்க வந்தா இந்தாளு எங்க ஊட்டு விசயத்தையெல்லாம் நோண்டுறாரு?"

"அவுரு அப்டித்தான். பதில் சொல்லிட்டின்னா உட்டுருவாரு" என்றார் பாய்.

பொன்னேரிக்காரர் விளையாட்டாக எண்ண ஆரம்பித்தார். முயல் உண்டு, காடை முட்டை வைக்கும், கீரி இருக்கும். அடுத்த விரலை மடக்கப் போனவர் நிறுத்தினார். "எங்க அப்பா குடிச்சா அங்கத்தான் வுயுந்து கெடப்பாரு" என்றார். தட்டு வெட்டிக்கு வந்தவர் பல் வெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

யார்டுக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு ஒரு முறை சேர்ந்து போனோம். ஷேர் ஆட்டோவில் ஆள் நிரம்பி, பின்கம்பியில் கூட ஒருவன் தொங்கினான். அவர் டிரைவரின் தோளைத் தொட்டு, "நிறுத்து நைனா, ஒண்ணு கொறையுது" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "பெருசு, இதுல இன்னும் ஒரு ஆளா? உம் மடியில ஒக்கார வெச்சிக்கிறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் இறங்கும் வரை அவர் மடியில் பை எதுவும் வைக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி மேல்கம்பியைப் பிடித்திருந்தார், மடியில் யாரோ உட்கார இடம் விட்டது போல. எனக்கு அன்று முதல் முறையாக அவரிடம் ஏதோ பயம் தட்டியது.

என் அக்காவுக்கு மிஷின் தேவைப்பட்டபோதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது.

அக்காவும் மாமாவும் ஒன்பது மாடு வைத்திருந்தார்கள். அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கொழுக்கட்டைப் புல் போட்டிருந்தார்கள். புரட்டாசிக்குள் அறுத்துக் காயவைத்து அடுக்கிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாடுகள் பிழைக்கும். முந்தின வருஷம் ஆள் வைத்து அறுத்தார்கள். கடல் காற்றில் புல் காயவேயில்லை. அடுக்கின போரில் பூஞ்சை பிடித்து உள்ளே கறுத்துவிட்டது. அதைத் தின்ற இரண்டு மாடுகள் செத்துப்போயின. இந்த வருஷமும் அப்படி ஆனால் மீதி மாடுகளையும் ஓட்டிவிட்டு எர்ணாவூரில் ஏதாவது கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போவதாக அக்கா சொல்லியிருந்தாள். "நீதாண்டா படிச்சவன். ஒயுங்கா ஒரு மிசினு பாத்துக் குடு" என்றாள்.

நான் பத்து நாள் புத்தகங்களைப் புரட்டினேன். எங்கள் காற்றுக்கு ரோலர்தான் சரி. எல்லாவற்றிலும் அகலம் குறைந்த ஒரு தட்டு வெட்டி, பின்னால் ரோலரோடு, யார்டில் இருந்தது. மாமாவின் சின்ன டிராக்டர் கஷ்டப்பட்டாவது அதை இழுத்துவிடும். பாயும் சீசன் முடியும் வரை கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

லாரியில் ஏற்றும்போது ஆஜர் வந்து மிஷினுக்குக் குறுக்கே நின்றார்.

"புல்லுக்குள்ள யாரு படுத்துகினு கீறாங்கோ நைனா?"

"யாரும் இல்ல அண்ணாத்த. எங்க அக்கா நிலம்."

"நீ உள்ள நடந்து பாத்தியா?"

"இடுப்பு ஒசரம் புல்லு. அதுல எதுக்கு நடக்கணும்? மழைக்கு முன்னாடி காயணும், அவ்ளோதான். புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு நான் படிச்சிட்டுத்தான் சொல்றேன்."

புத்தகம் என்று நான் சொன்ன விதம் எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. என்னை மிஷினின் நிழலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். ரோலரில் கை வைத்தபடியே பேசினார்.

அவர் சௌதியில் பதினோரு வருஷம் புல் அறுத்தவர். பாலைவனத்துக்கு நடுவில் வட்ட வட்டமாகத் தண்ணீர் பாய்ச்சி குதிரைமசால் என்கிற தீவனப் பயிர் வளர்க்கும் பண்ணை அது. அவர் ஓட்டியதும் இதே போலத் தட்டும் ரோலரும் சேர்ந்த மிஷின், இதைவிட மூன்று மடங்கு பெரியது. அந்த அனலில் அறுத்தது சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும், பின்னாலேயே கட்டுப்போடும் மிஷின் வரும், அதற்குப் பின்னால் லாரி.

"மத்தியானத்துல அந்தப் பச்சைக்குள்ள மட்டும்தான் நைனா ஜில்லுனு இருக்கும். ஆளுங்க உள்ள பூந்து படுத்துப்பானுங்கோ. வெட்டுறதுக்கு முன்னால நான் ஆரன் அடிப்பேன், எய்ந்து ஓடுவானுங்கோ. ஒருத்தன் இருந்தான். எந்த ஊருக்காரன்னு தெரியாது. பேப்பர் இல்லாதவன், அதனால ரிஜிஸ்டர்ல பேரு கெடையாது. என்னப் பாத்தா சிரிப்பான், பேரீச்சம்பயம் குடுப்பான். ஒரு நாளு சாயங்காலம் எண்ணுனப்போ அவன் இல்ல."

"ஓடிப்போயிருப்பான்."

"போர்மேனும் அத்தத்தான் சொன்னான். நெறைய பேரு ஓடுவானுங்கோ. நான் போயி ரோலரப் பாத்தேன். கறுப்பா ஈரமா இருந்திச்சி. ஆனா பச்சைச் சாறு காஞ்சாலும் கறுப்பாத்தான் இருக்கும். பாலைவனத்து நரி மாட்னாலும் அப்டித்தான் இருக்கும். அதுக்குள்ள கட்டெல்லாம் லாரி ஏறி கப்பலுக்குப் போயிடிச்சி. அவன் ஓடிட்டானா, கட்டுக்குள்ள போயிட்டானா, இன்னி வரைக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் ரோலரைத் தடவினார்.

"அந்தக் கட்டு எந்த ஊரு மாட்டுக்குப் போச்சோ."

ஆனாலும் அக்காவின் புல் காய்ந்தாக வேண்டுமே. அதைத்தான் மெல்லச் சொன்னேன். அவர் எழுந்து யார்டின் பின்மூலைக்குப் போனார். துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவில் நான் பட்டியலில்கூட எழுதாத ஒன்றைத் தார்ப்பாய் விலக்கிக் காட்டினார். வெறும் இரண்டு ரோலர், இரண்டு சக்கரம். வெட்டும் பகுதியே இல்லாத பழைய நசுக்கு மிஷின்.

"பல் வெட்டியில மொதல்ல வெட்டு. அப்பால இத்த இஸ்துகினு போயி நசுக்கு. காயுறதுல வித்தியாசம் இல்ல. மாமாவோட சின்ன வண்டிக்கும் பாரம் இல்ல. வெட்டுறதும் நசுக்குறதும் ஒரே மிசினுல வேணாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுசன் நடக்கணும்."

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். தானும் கூட வருவதாகச் சொன்னார்.

அத்திப்பட்டுக்கு நாங்கள் போனபோது உச்சி வெயில். அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு அப்பால், கடல் மேலே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மாமா பல் வெட்டியை மாட்டி டிராக்டரைக் கிளப்பத் தயாராக நின்றார். ஆஜர் கை காட்டி நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார். கையைத் தட்டிக்கொண்டே, "எய்ந்திரு... எய்ந்திரு நைனா..." என்று கூப்பிட்டபடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போனார், திரும்பினார், மறுபடி போனார்.

"இன்னாடா இவரு, பேயி ஓட்டுறாரா?" என்றாள் அக்கா.

அப்போதுதான் புல்லின் நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது.

அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. தூக்கம் கலையாத கண்களோடு, தோளில் துண்டோடு, மொத்தம் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகப் புல்லிலிருந்து முளைத்தார்கள். பக்கத்துக் கன்டெய்னர் கிடங்கில் வேலை செய்கிற வடநாட்டு ஆட்கள். தகரக் கொட்டகையில் பகலில் படுக்க முடியாமல் ராத்திரி ஷிப்ட் முடிந்து இங்கே வந்து தூங்குகிறார்களாம். இரண்டு மாதமாக. ஓரத்திலிருந்தே தண்ணீர் கட்டிவிட்டுப் போகிற அக்காவுக்கும் மாமாவுக்கும் அது தெரியாது.

நான் தேர்ந்தெடுத்த மிஷின் என் கண் முன்னால் ஓடியது. தட்டு, ரோலர். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப்போய் அந்த ஆறு பேருக்கும் கொடுத்தாள்.

அவர் இன்னும் வெளியே வரவில்லை. புல் அமுங்கிப் படுக்கை போலக் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"நைனா, ஆளு ஆறு. படுத்த எடம் ஏழு."

போய்ப் பார்த்தேன். ஏழாவது இடம் நிலத்தின் கிழக்கு மூலையில் இருந்தது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், ஒருக்களித்துப் படுத்த ஆளின் அளவுக்குப் புல் அமுங்கியிருந்தது. அவர் சௌதியில் பழகிய ஹிந்தியில் அந்த ஆட்களிடம் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வயதில் மூத்தவன் பதில் சொன்னான். சொல்லும்போது அந்த மூலையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான். அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"அவுங்க ஆறு பேருதானாம். அது அவுங்க எடம் இல்லியாம். டெய்லி இவுங்க வர்றதுக்கு முன்னாலயே அமுங்கித்தான் கெடக்குமாம். அந்த எடம் மட்டும் ஜில்லுனு இருக்குமாம். அதனால யாரும் அங்க படுக்க மாட்டாங்களாம்."

"நாய் படுத்திருக்கும்" என்றார் மாமா.

"இம்மா நீட்டு நாயா?" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

அவர் மண்டியிட்டு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். நானும் வைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்த அந்த நேரத்தில் அந்தப் புல் குளிர்ந்திருந்தது. நிழல் விழ அங்கே ஒரு மரமும் இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். அவர் எடுக்கவில்லை.

"இத்த வுட்டுட்டு சுத்தி வெட்டு" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "அண்ணாத்த, மயை வந்துகினு கீது. ஒரு கட்டுப் புல்லு இருந்தா என் மாடு ஒரு நாளு துன்னும். நீ சொம்மா..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, வெட்டுங்க. சுத்தியே வெட்டுங்க. நேரம் போவுது."

மாமா வெட்டினார். மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் அப்படியே நின்றது. சாய்ந்த புல் வரிசை ஒவ்வொன்றின் மேலும் அவர் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். ஒரு முயல் குட்டியையும் இரண்டு காடை முட்டைகளையும் எடுத்து வரப்போரம் வைத்தார். அதற்கப்புறம்தான் ரோலரை மாட்டவிட்டார்.

எல்லாம் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வழக்கம்போல எங்களை எண்ணினார். நாங்கள் மூவர், ஷிப்டுக்குப் போகாமல் எங்களுக்கு உதவ நின்ற அந்த ஆறு பேர், பிறகு தன்னையும் தொட்டுக்கொண்டார். வழக்கம்போல 'ஒண்ணு கொறையுது' வரும் என்று காத்திருந்தேன். அவர் கிழக்கு மூலையைப் பார்த்து விரலை நீட்டினார்.

"சரியா கீது" என்றார்.

இரண்டு நாளில் புல் காய்ந்தது. உடைத்தால் படக்கென்று ஒடிகிற காய்ச்சல், நிறமும் பச்சை. அந்த ஆறு பேரும் சேர்ந்து கூரைக்குள் அடுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. அந்த வருஷம் அக்காவின் மாடு ஒன்றும் சாகவில்லை.

அதன் பிறகு யார்டில் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். வெள்ளைத் துணியையும் கொண்டுவரவில்லை. சாவியைத் திருப்புவதற்கு முன் நாங்களே பழக்கத்தில் 'ஆஜர், ஆஜர்' என்று கத்துவோம். அவர் சிரித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அத்திப்பட்டுக்குப் போய்விடுவார் என்று அக்கா சொன்னாள். அந்த மூலைக்குப் பக்கத்தில் வரப்பில் பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். ஒரு முறை பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்று அங்கே கிடந்ததாம். எறும்பு கூட மொய்க்கவில்லை என்றாள்.

மாசியில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் சட்டை போடும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் அவரை இறக்கியபோது யார்டே வந்திருந்தது. குழியைச் சுற்றி நின்றவர்களை என்னையறியாமல் எண்ணினேன். ஒன்று குறைந்தது. வெல்டர் என் கையைப் பிடித்து, "எண்ணாத மாமு" என்றான்.

அக்கா அந்த மூலையை இப்போதும் வெட்டுவதில்லை. மாமா ஒரு முறை, இன்னும் எதற்கு அது என்று கேட்டதற்கு, "ஒரு பாய் எடத்துல நீ இன்னா பங்களாவா கட்டப் போற?" என்றாளாம். போன மாதம் அடுத்த அறுப்புக்கு நான் போயிருந்தேன். இப்போது வெட்டுவதற்கு முன்னால் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே நடப்பது அக்காதான். ஆட்களை எழுப்பித் தண்ணீர் கொடுத்து வரப்பில் உட்கார வைத்தாள். பிறகு கிழக்கு மூலைக்குப் போனவள் அங்கேயே குனிந்து நின்றாள்.

வண்டி மேல் இருந்த மாமாவைப் பார்த்து, சாதாரணமாக, அடுப்பில் இன்னொரு ஆழாக்கு அரிசி போடச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இந்த வாட்டி கொஞ்சம் பெருசா வுடு. ரெண்டு பேரு கீறாங்கோ."